பக்கத்து வீட்டுக் குருவிகளுக்கு இரண்டு கை மிளகாய்த்தூள்

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் வரிசையில், நாலாம் நம்பர் வீட்டு வசந்தாமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷி என்றுதான் சொல்வார்கள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவாள். ஊருக்குப் போகிறவர்களின் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அத்தனையும் நிஜம். அந்த நல்ல மனுஷிதான் 1996 ஜனவரியில், ஊரே பனியில் புதைந்து கிடந்த ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வீட்டுக்காரி நம்பிக் கொடுத்த வேலையில் இரண்டு கை மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். அதுவும் வாயில்லா ஜீவன் தின்கிற தீனியில். ஏன் என்று கேட்டால் சுற்றி வளைப்பானேன், பொறாமைதான்.

வசந்தாமணி உடுமலைப்பேட்டைப் பெண். பி.எஸ்ஸி. படித்தவள். கட்டிய கணவன் சேனாபதி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தபோது கூடவே வந்தாள். அவன் விசாவில் வந்தவளுக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று சேனாபதி இரண்டு கோடைக்காலம் மன்றாடிப் பார்த்தான். ஃப்ரீவேயில் ஏறுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று தெரிந்ததும் அவனே விட்டுவிட்டான். ஆக, காலை ஏழரைக்குக் கணவனும், எட்டேகாலுக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் பிரீத்தியும் கிளம்பிப் போனால், மூன்றரை வரை அவளுக்குச் சமையலறை ஜன்னல்தான் துணை.

அந்த ஜன்னலுக்கு வெளியே, பலகை அடித்த திண்ணை மாதிரி ஒரு மர டெக். டெக்கின் கைப்பிடிமேல் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துப் பொரி, கம்பு, மிஞ்சின சோறு என்று போட்டு வந்தாள். குருவிகள் வந்தன. சாம்பல் குருவி, கறுப்புத் தொப்பி வைத்தாற்போல் ஒரு பொடிசு, ஊரையே கூட்டுகிற நீலக் குருவி, எல்லாவற்றுக்கும் மேலே குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி ஒரு சிவப்புக் குருவி. பிரீத்தி அதன் பெயர் கார்டினல் என்று சொல்லித் தந்தாள். காலையில் ஸ்கூல் பஸ் வருவதற்கு முன்னால் அம்மாவும் மகளும் ஜன்னலோரம் உட்காருவார்கள். மகள் குருவியைப் பார்க்க, அம்மா இட்லியைப் பிட்டு வாயில் வைப்பாள். "அங்க பாரு கண்ணு, செவப்பன் வந்துட்டான், ஆ காட்டு." எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஊட்டுகிறாயா என்று சேனாபதி கேட்டால், "என்ற புள்ளைக்கு நான் ஊட்டறேன், உங்களுக்கென்னுங்க?" என்று ஒரே போடாகப் போடுவாள். பள்ளிக்கூடம் போய் வந்தால் பிரீத்தி வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். கேட்டதற்கு 'யா', 'நோ'. அந்தக் காலை அரைமணி நேரம் மட்டும் அவள் வசந்தாமணியின் பெண்ணாக இருந்தாள்.

அப்புறம் ஐந்தாம் நம்பருக்கு ராஜலக்ஷ்மி குடிவந்தாள்.

வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வேலைக்குப் போகிறாள், சொந்தக் காரில். குளிருக்குக் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் வைத்துத் தளதளவென்று வளர்த்திருக்கிறாள். வசந்தாமணியின் செடி மூன்று முறை செத்தது. இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பாள். நவம்பரில் ராஜலக்ஷ்மி தன் டெக்கில் ஓர் இரும்புக் கம்பி நட்டு, கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஃபீடரைத் தொங்கவிட்டு, அதில் கறுப்புச் சூரியகாந்தி விதையை நிரப்பினாள். நாலே நாளில் குருவிகள் மொத்தமும் இரண்டு டெக்குக்கும் நடுவில் இருந்த தடுப்புப் பலகைக்கு அந்தப்பக்கம் போய்விட்டன. சிவப்பனும் போனான். "சோறு கண்ட இடம் சொர்க்கம்னு போயிட்டானுங்க, நன்றி கெட்டவனுங்க" என்று வசந்தாமணி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

பிரீத்தியும் அந்தப்பக்கம் போனாள். அதுதான் குத்தியது.

பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டு ஜன்னலில் தினமும் என்னென்ன பறவை, எத்தனை வருகிறது என்று எழுதி வர வேண்டும். ராஜலக்ஷ்மியிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. போதாதா? காலையில் பல் தேய்த்த கையோடு, சாயங்காலம் பை வைத்த கையோடு, "ஆன்ட்டி வீட்டுக்குப் போறேன்" என்று ஓடினாள். இங்கே தட்டில் இட்லி ஆறும். சுவர் வழியாக அங்கே இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். ஒருநாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள் வசந்தாமணி. மேலே கலர் பென்சிலில் 'மை விண்டோ' என்று தலைப்பு. கீழே எழுதியிருந்ததெல்லாம் ராஜலக்ஷ்மி வீட்டு ஜன்னல் கணக்கு. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பத்து மாதம் சுமந்தவள் இங்கே இருக்க, ஜன்னல் அங்கே போய்விட்டதா?

அவளும் சும்மா இருக்கவில்லை. சேனாபதியை விரட்டி அதே சூரியகாந்தி விதையில் ஒரு மூட்டை வாங்கி வரச் சொல்லித் தாம்பாளத்தில் கொட்டினாள். வந்தவை அணில்கள். நம் ஊர் அணில் மாதிரி முதுகில் மூன்று கோடு போட்ட சாது அல்ல. பூனைக்குட்டி அளவில் சாம்பல் நிறத் தடியன்கள். எட்டு மணிக்குள் தாம்பாளத்தை நக்கித் துடைத்துவிட்டுப் போய்விடும். ராஜலக்ஷ்மியின் ஃபீடரிலும் தலைகீழாகத் தொங்கித் தின்னும்தான். ஆனாலும் குருவிகள் அங்கேயே காத்துக் கிடந்தன.

இப்படி இருக்கையில் அந்தப் பனி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்தது, திங்கள் மத்தியானம்வரை விடவில்லை. கார்கள் மேடாயின, மேடுகள் சமமாயின. ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை, ஆபீஸ் இல்லை. வசந்தாமணிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஏனென்றால் ராஜலக்ஷ்மியும் அவள் புருஷனும் சனிக்கிழமை பார்சிப்பனி என்கிற ஊரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். இனி வாரம் முழுக்கப் பிரீத்தி எந்த ஜன்னலுக்குப் போவாள்? இந்த ஜன்னலுக்குத்தானே வர வேண்டும்.

வந்தாள். கையில் ராஜலக்ஷ்மி இரவல் கொடுத்த பைனாகுலரோடு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கழுத்தை ஒரேயடியாகத் திருப்பி, பக்கத்து டெக்கில் காலி ஃபீடரைச் சுற்றித் திண்டாடிக்கொண்டிருந்த குருவிகளைப் பார்த்தாள். வசந்தாமணி உப்புமாவை உருட்டி வாயருகே கொண்டுபோனாள். பிரீத்தி தலையை இன்னும் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"வசந்தாக்கா, ராஜி பேசறேன். ஒரு ஹெல்ப் பண்ணுவீங்களா? ஃபீடர் காலியாயிருக்கும். இந்தப் பனியில எல்லாம் செத்துப்போயிடும்க்கா. டெக்ல மூடி போட்ட டப்பாவில விதை இருக்கு. கொஞ்சம் ஃபில் பண்ணிடறீங்களா? உங்களத் தவிர வேற யார்ட்ட கேப்பேன்?"

"அதுக்கென்ன, பண்ணிடறேன். நீ கவலப்படாத" என்றாள் வசந்தாமணி. குரலில் தேன் ஒழுகியது. போனை வைத்தாள். அப்புறம் அலமாரியைத் திறந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். உள்ளே இருந்தது அவள் வீட்டு மிளகாய்த்தூள். ஊரிலிருந்து வந்த மிளகாயை ஜூலை வெயிலில் டெக்கில் காய வைத்து, வறுத்து, வீட்டிலேயே அரைத்தது. அந்தக் காரத்தைத் தாங்க மாட்டாமல் சேனாபதியின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்க் குழாயில் வாயை வைத்திருக்கிறார்.

அவள் போட்ட கணக்கு சுலபம். ஒரு கொத்துக் கொத்தினால் குருவிக்கு வாய் எரியும். எரிந்தால் அந்தப்பக்கம் தலைவைத்துப் படுக்காது. இந்தப்பக்கம் தாம்பாளம் நிறைய விதை கொட்டி வைப்போம், வரட்டும். குருவி வந்தால் கழுத்துத் திரும்பும், கழுத்துத் திரும்பினால் பிள்ளை திரும்பும்.

சேனாபதியும் பிரீத்தியும் மாடியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைட்டிக்குமேல் சேனாபதியின் ஜாக்கெட், காலில் அவனுடைய பூட்ஸ், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். டெக் கதவைத் தள்ளித் திறந்து, தொடை அளவுப் பனியில் இறங்கி, தடுப்புப் பலகைமேல் ஏறி அந்தப்பக்கம் விழுந்தாள். விழுந்தவள் எழுந்து, டப்பாவைத் தேடித் தோண்டி எடுத்து, விதையில் இரண்டு கை தூளைப் போட்டுக் கிளறி, ஃபீடரை நிரப்பினாள். கீழே சிந்திய இடத்தில் பனி செக்கச்செவேல் என்று ஆயிற்று. கைப்பிடியில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவப்பன் அவளையே பார்த்தான். ஒரு நிமிஷம் மனசு கேட்கவில்லை. இந்தக் குளிரில், இந்தப் பசியில், இதன் வாயில் போய் மிளகாயை வைக்கிறோமே, பாவமில்லையா? கொட்டிவிட்டு வேறு விதை போடலாமா என்று ஃபீடரின் மூடியில் கையைக்கூட வைத்தாள். அப்போது பார்வை போய் ராஜலக்ஷ்மி வீட்டுக் கண்ணாடிக் கதவில் விழுந்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு குட்டி நாற்காலி. அதன் முதுகில், பிரீத்தி காணோம் என்று அழுத ஊதா ஸ்வெட்டர்.

நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாளா? வசந்தாமணி கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜன்னலில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும், அவளுக்கு வரவில்லை. முதலில் ஒரு தடியன் அணில் கம்பியில் ஏறி ஃபீடரில் வாய் வைத்தது. இரண்டாம் விதையில் அப்படியே உறைந்து நின்றது. அப்புறம் தும்மியது. பொத்தென்று கீழே விழுந்து முகத்தைப் பனியில் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டு, தலைதெறிக்க ஓடி, பலகையைத் தாண்டி, நேராக வசந்தாமணியின் தாம்பாளத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவதும் வந்தது. ஐந்து தடியன்கள் உட்கார்ந்து அவள் கொட்டிய விதையைப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி நிதானமாகத் தின்று தீர்த்தன.

அந்தப்பக்கம் அணில் தொல்லை ஒழிந்த ஃபீடரில் குருவிகள் மொய்த்தன. சிவப்பன் கொத்தினான். விதையோடு தூளையும் சேர்த்துக் கொத்தினான். வாய் எரிந்ததாகத் தெரியவில்லை. அலகைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொத்தினான். போய்த் தன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். மூக்குப் போனதுதான் மிச்சம் என்று அவனுக்குத் தெரிந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, லுக், ஆன்ட்டி ஃபீடர்ல ட்வென்டி-டூ" என்று பிரீத்தி குதித்துக் குதித்துத் தாளில் எழுதினாள்.

"எழுது, எழுது. நல்லா எழுது" என்றாள் வசந்தாமணி.

வியாழக்கிழமை ராஜலக்ஷ்மி திரும்பி வந்தாள். அவள் டெக்கில் நின்று கீழே சிவந்திருந்த பனியைக் குனிந்து பார்ப்பதையும், விரலில் தொட்டு மோந்து பார்ப்பதையும், தும்முவதையும் வசந்தாமணி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். இப்போது கதவைத் தட்டுவாள், இப்போது போன் வரும் என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ராஜலக்ஷ்மி தட்டவும் இல்லை, பேசவும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, இரண்டு தெரு தள்ளி நாகமணி வீட்டு பேஸ்மென்ட்டில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடின. வீட்டுக்கு ஒரு பாத்திரம். வசந்தாமணி புளிசாதம் கொண்டுபோயிருந்தாள். சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது நடுக்கூடத்திலிருந்து ராஜலக்ஷ்மியின் குரல் கேட்டது.

"எல்லாரும் ஒரு விஷயம் கேளுங்க. நான் ஊர்ல இல்லாதப்ப வசந்தாக்கா என் ஃபீடர்ல என்ன போட்டாங்க தெரியுமா?"

வசந்தாமணியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஊரில் ஆறு வருஷம் பூண்டுக் குழம்பு வைத்துச் சேர்த்த பேரெல்லாம் இத்தோடு போச்சு.

"மொளகாத்தூள்! நானும் என்னடான்னு பயந்துட்டேன். அப்புறம் விதை வாங்கற கடைல கேட்டா, அதுதான் கரெக்டாம். அணிலுக்குத்தான் காரம் தெரியுமாம், பறவைக்குத் தெரியவே தெரியாதாம். இதுக்குன்னே காரம் போட்ட விதை தனியா விக்கறாங்களாம். நம்ம ஊர்ல கிளிக்கு மொளகாப்பழம் குடுக்கறதில்லையா? நமக்கெல்லாம் தோணுச்சா? அக்காவுக்குத் தோணிருக்கு பாருங்க. ஒரு அணில் கிட்ட வரல. தேங்க்ஸ்க்கா."

கிளி. உடுமலைப்பேட்டையில் எதிர்வீட்டுக் கூண்டுக்கிளிக்குத் தன் கையாலேயே எத்தனை மிளகாய்ப்பழம் கொடுத்திருக்கிறாள். பழத்தை ஒரு காலில் பிடித்துக்கொண்டு அது ரசித்துத் தின்னுமே. பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள், கிளியையுமா மறைக்கும்?

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு டப்பாவுக்கு எத்தனை கை, வறுத்த தூளா, பச்சைத் தூளா என்று கேள்விமேல் கேள்வி. "அனுபவம்னா சும்மாவா" என்றாள் நாகமணி. வசந்தாமணி சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அப்போதுதான் பிரீத்தி தட்டோடு வந்து நின்றாள். வீட்டில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், அன்றைக்கென்று பார்த்து, எல்லோருக்கும் புரிகிறாற்போல் கணீரென்று தமிழில் கேட்டாள்.

"அம்மா, அப்ப நம்ம ப்ளேட்ல நீ ஏன் போடல? நம்மகிட்டதானே அணில் நெறைய வருது?"

"அது... தூள் தீந்துபோச்சு கண்ணு."

"இல்லயே. ஹார்லிக்ஸ் பாட்டில்ல நெறைய இருக்கே."

சின்னப் பிள்ளையின் கேள்வி என்று பெண்கள் சிரித்தார்கள். ராஜலக்ஷ்மி சிரிக்கவில்லை. வசந்தாமணியை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். பிறகு, "அக்காவுக்குத் தன் வீட்டவிட அடுத்த வீடு முக்கியம், பிரீத்தி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அதில் உள்குத்து இருந்ததா, அல்லது காப்பாற்றிவிட்டாளா என்று வசந்தாமணிக்கு இன்றைக்கும் தெரியாது. காப்பாற்றியிருந்தால் அதற்கும் சேர்த்து அவள்மேல் எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். சேனாபதி காலிப் பாத்திரத்தோடு முன்னால் போய்விட்டான். இருபுறமும் ஆளுயரத்துக்கு வாரிக் குவித்த பனிக்கு நடுவில் அம்மாவும் மகளும்.

"தூள் தீரல" என்றாள் வசந்தாமணி.

"ஐ நோ."

"குருவிக்கு எரியட்டும்னுதான் போட்டேன். அங்க போகாம நம்மகிட்ட வரட்டும்னு."

பிரீத்தி நின்றுவிட்டாள். "தட்ஸ் மீன், அம்மா."

"ஆமா. கெட்ட புத்திதான். பொறாம. நீ எந்நேரமும் அங்கயே போய் உக்காந்துக்கற. உனக்கு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருக்கா. அவகிட்ட அப்படி என்ன இருக்கு, என்றகிட்ட இல்லாதது? பைனாகுலரா? அப்பாகிட்டச் சொல்லி நாளைக்கே வாங்கறேன்."

பிரீத்தி பூட்ஸ் நுனியால் பனியைக் குத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், பாதித் தமிழில், தலையைத் தூக்காமல்.

"ஆன்ட்டி ஊட்ட மாட்டாங்க."

"என்னது?"

"நீ குருவி பாருன்னு சொல்லிச் சொல்லி வாய்ல வெக்கற. ஒவ்வொரு தடவையும். எனக்கு குருவி மட்டும் பாக்கணும். ஐ'ம் எய்ட், அம்மா."

வசந்தாமணிக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது. காரணம் காரும் அல்ல, வேலையும் அல்ல, பைனாகுலரும் அல்ல, கறிவேப்பிலையும் அல்ல. இந்தக் கைதான் பிள்ளையைப் பலகைக்கு அந்தப்பக்கம் விரட்டியிருக்கிறது. பிள்ளைக்குத் தன்னால் ஆகிற ஒரே காரியம் என்று நினைத்துச் செய்தது. அழுகை வந்தது. குளிரில் அழுதால் முகம் விறைக்கும் என்று அடக்கிக்கொண்டு, மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். அதற்கும் பிரீத்தி முகம் சுளித்தாள்.

மறுநாள் பொங்கல். காலையில் வசந்தாமணி தாம்பாளத்து விதையில் ஒரு கை தூளைப் போட்டுக் கிளறி வெளியே வைத்தாள். மேஜைமேல் ஒரு தட்டில் பொங்கல், பக்கத்தில் ஸ்பூன். ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. போய் ஒன்றில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரீத்தி தாளும் பென்சிலுமாக வந்து, தட்டைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, மற்றதில் உட்கார்ந்தாள்.

அணில் வந்து, தும்மி, ஓடியது. ஒரு கறுப்புத் தொப்பி வந்தது. பின்னால் இன்னொன்று. பக்கத்து டெக்கில் சிவப்பன் பெண்டாட்டியோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வசந்தாமணி ஓரக்கண்ணால் எண்ணினாள். அங்கே பதினொன்று, இங்கே இரண்டு. வயிறு எரியத்தான் செய்தது. பிரீத்தியின் தட்டில் பொங்கல் ஆறி, நெய் உறைய ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு வாய், அவள் கவனிக்காதபோது, இப்படி எடுத்து அப்படி வைத்துவிடலாம். கை பரபரத்தது.

வசந்தாமணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிரீத்தி தாளில் 'டூ' என்று எழுதினாள்.